குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தன. எரியாத தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. பூங்காச் சுவர் வேலை இன்னும் பாக்கி.

ஆண்டின் பெரும்பகுதி தெருமுனை பெட்ரோல் பங்க்கை ஒட்டிய போர்வெல்களைக் கண்காணிப்பதிலேயே போனது. தண்ணீரில் வரும் லேசான பெட்ரோல் வாடைக்கு இவ்வளவு செலவா என்று சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். 2013இல் தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் எண்ணெய் கலந்து வந்தது. நிலத்தடி எண்ணெய்க் குழாய்க் கசிவு விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நம் தெருவில் அந்த அளவுக்கு இல்லை, உண்மைதான். ஆனால் பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும்; குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதன் வாடை தண்ணீரில் தெரிய ஏறத்தாழ அதைப்போல் ஆயிரம் மடங்கு சேர வேண்டும். மூக்கை நம்பிக் குடிக்க முடியாது.

மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை மாதிரி எடுத்தோம். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது மண்ணில் ஒட்டியிருக்கும் பெட்ரோலும் இடம் மாறும்; அதனால் ஒரே ஒரு சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதலில் மோட்டாரை ஓடவிட்டுக் குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகு 40 மில்லி கண்ணாடிக் குப்பியை விளிம்புக்கு மேல் தண்ணீர் குமிழ்ந்து நிற்கும்வரை மெதுவாக நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் தெரிந்தால் பென்சீன் அதற்குள் ஆவியாகிப் போய்விடும். அந்தக் குப்பியைக் கழித்துவிட்டு வேறொன்றை நிரப்ப வேண்டும். அப்புறம் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீரை கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களின் மாதிரியை ஏன் எடுக்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தும் பல வீடுகளில் கேட் பூட்டியிருந்தது. வீட்டு விலை குறைந்துவிடும், முடிவை எழுதி வைக்காதீர்கள் என்றும் சிலர் சொன்னார்கள். அவர்களுடைய கவலை புரிகிறது. ஆனால் பங்க்கின் பின்சுவரை ஒட்டிய இரண்டு வீடுகளில் மழைக்குப் பிந்தைய சோதனையில் பென்சீன் வரம்பைத் தாண்டியிருந்தது. இரண்டிலும் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் இப்போது குடிக்கக் கேன் தண்ணீர்தான். கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்டவர்களுக்கு: கொதிக்கும்போது பென்சீன் சமையலறைக் காற்றில்தான் கலக்கும்.

முடிவை இணைத்து மனு கொடுத்தோம். தொட்டியைச் சோதித்தாகிவிட்டது, கசிவு இல்லை என்று பங்க் தரப்பில் பதில் வந்தது. சோதனை அறிக்கை வரவில்லை. நாம் கேட்பது கண்காணிப்புக் கிணறு. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதப்பது. வீட்டு போர்வெல் ஆழத்திலிருந்து இழுப்பதால் மேலே மிதக்கும் படலம் அதில் சிக்காமல் போகலாம். நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் துளையிட்ட பிவிசி குழாய் இறக்கிய கிணறு வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிக்கக் குறைந்தது மூன்று வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஆய்வகக் கட்டணமே பெரிய செலவு, வைப்புநிதியில் கைவைக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட வீடுகளின் சந்தா வரவில்லை, சில வீடுகளில் மூன்று ஆண்டு பாக்கி. சந்தா கட்டாத வீடுகளிலிருந்தும் ரிசல்ட் என்னாச்சு என்று போன் வருகிறது. சொல்லத்தான் செய்கிறேன், தண்ணீர் எல்லோருக்கும் பொது.

மாதிரி எடுக்க உடன்வந்த கல்லூரி மாணவர்களுக்கும், ஐஸ் பெட்டி தந்த மருந்துக்கடை அண்ணாச்சிக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த மாதிரி மே மாதம், நீர்மட்டம் அடியில் இருக்கும்போது எடுத்தாக வேண்டும். இப்போதிருக்கும் பணம் அதற்குப் போதாது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதாக இருந்தால் பதிவேட்டையும் ஆய்வக ரசீதுகளையும் இன்றே ஒப்படைக்கத் தயார். நானே தொடர வேண்டுமென்றால் ஏப்ரலுக்குள் பாக்கிச் சந்தா வந்து சேர வேண்டும். வீட்டில் இருக்க முடியாதவர்கள் கேட் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்