விலா வலி: வலிக்கும் இடத்தை விட்டு முதுகைப் பார்

அன்புள்ள நண்பா,

நெஞ்சு வலி பற்றிய உன் கடிதம் கிடைத்தது. ஈ.சி.ஜி.யும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கின்றன, இதயத்தில் கோளாறில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதைப் படித்ததும் மனசு லேசானது. முதலில் அதைப் பார்த்துக்கொண்டாயே, அதுதான் சரி. அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இது இதயவலி இல்லை என்று வீட்டிலிருந்தே யாரும் முடிவுகட்டக் கூடாது.

மார்பெலும்புக்கு இடப்பக்கம் விரல் பட்டால் வலி, மூச்சை இழுத்தால் குத்தல், ஒருக்களித்துப் படுக்க முடியாமை. கோஸ்டோகாண்ட்ரைடிஸ், அதாவது விலாக் குருத்தெலும்பு அழற்சி, இப்படித்தான் இருக்கும். விலா எலும்புகள் 12 ஜோடி; மேலே உள்ள 7 ஜோடியும் குருத்தெலும்பு வழியாக நேரே மார்பெலும்பில் சேர்கின்றன. வலி பெரும்பாலும் 2 முதல் 5 வரையுள்ள விலாக்களின் குருத்தெலும்பில் வரும். எக்ஸ்ரேயில் இது தெரியாது. படம் எடுப்பது வேறெதுவும் இல்லை என்று உறுதி செய்யத்தான். வலிக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி வீங்கியிருந்தால் அது டீட்ஸே நோயாக இருக்கலாம். 1921-இல் அலெக்சாண்டர் டீட்ஸே விவரித்தது. உனக்கு வீக்கம் இல்லை என்கிறாய்.

வலி மாத்திரை போட்டும் வலி ஏன் முழுதாகப் போகவில்லை என்று கேட்டிருந்தாய். விலா முன்னால் மட்டுமல்ல, பின்னால் முதுகெலும்போடும் மூட்டுகளால் இணைந்திருக்கிறது. மூச்சு விடும்போது அது வாளியின் கைப்பிடி போல இரு முனைகளிலும் அசைய வேண்டும். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து முதுகு இறுகிவிட்டால், பின்முனை அசையாத குறையை முன்முனை சுமக்கிறது. எல்லோருக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். கடுமையான இருமல், பாரம் தூக்குதல், அடிபடுதல் ஆகியவற்றாலும் வரும். ஆனால் மாதக்கணக்கில் விடாத வலியில் முதுகைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே பின்பக்கத்திலிருந்து தொடங்கு. ஒரு துண்டை 8 செ.மீ. தடிமனுக்கு இறுகச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளின் மட்டத்தில் முதுகுக்குக் குறுக்கே வைத்துத் தரையில் மல்லாந்து படு. முழங்கால்கள் மடங்கியிருக்கட்டும், கைகள் தலையைத் தாங்கட்டும். மூச்சை வெளியே விட்டபடி மெதுவாகப் பின்னால் சாய்; நிதானமாக ஐந்து மூச்சு. பிறகு துண்டை இரண்டு விரற்கடை கீழே நகர்த்தி மறுபடி செய். இடுப்புப் பகுதிக்குக் கொண்டுபோகாதே, அங்கே வளைவு ஏற்கெனவே உண்டு. ஒரு வாரத்தில் இது பழகிவிட்டால், இரண்டு டென்னிஸ் பந்துகளைச் சாக்ஸில் போட்டு முடிச்சிட்டு, முதுகெலும்பு நடுப்பள்ளத்தில் வருமாறு வைத்துக்கொள்ளலாம். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

முன்மார்புத் தசையை நீட்டும் பயிற்சி அதற்குப் பிறகுதான். பலரும் இதிலிருந்தே தொடங்கி வலியைக் கிளப்பிவிடுகிறார்கள். கதவு நிலையில் முன்கையை ஊன்றி, முழங்கை தோளுக்குச் சற்றுக் கீழே இருக்க, ஓரடி முன்னே வைத்து 20 முதல் 30 விநாடி நில். மூன்று முறை, காலையும் மாலையும். இழுப்பு தெரியலாம், குத்தல் கூடாது. குத்தினால் முழங்கையை இன்னும் இறக்கு. தண்டால், பெஞ்ச் பிரஸ் இரண்டையும் வலி அடங்கும்வரை அறவே நிறுத்து.

விரலால் அழுத்தி இன்னும் வலிக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் விடு. ஒவ்வொரு அழுத்தமும் நொந்த குருத்தெலும்பை மறுபடி தூண்டுகிறது. விலாவை இறுக்கக் கட்டவும் வேண்டாம். மூச்சு மேலோட்டமாகி, சளி தங்கும்.

வலி மாத்திரையான இபுப்ரோஃபென் 400 மி.கி., உணவுக்குப் பின், நாளுக்கு மூன்று வேளை வரை, ஓரிரு வாரம் என்பது வழக்கமான அளவு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய் உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆகாது. உனக்கு எது பொருந்தும் என்பதை உன் மருத்துவரே சொல்லட்டும். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஜெல் தடவலாம், ஆனால் இரண்டையும் சேர்த்து நாள்கணக்கில் ஓட்டாதே. வெந்நீர்ப் பை துணி சுற்றி 15 நிமிடம். பயிற்சிக்கு முன் வைத்தால் முதுகு எளிதில் இளகும். இரவில் மல்லாந்து படு. இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமு.

வலி ஒரே சீராகக் குறையாது. நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் திரும்பும். சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். திரும்பிய நாளில் பயிற்சியைப் பாதியாக்கு, நிறுத்திவிடாதே.

நெஞ்சை அழுத்தும் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, திடீர் மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் பழைய விலா வலிதானே என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போ. ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலும், காய்ச்சலோடு இருமல் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார். வலிக்கும் பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் கண்டால் அக்கியாக இருக்கலாம். முதல் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது.

நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்து, இரு பக்கமும் உடம்பைத் திருப்பிப் பார். எந்தப் பக்கம் குறைவாகத் திரும்புகிறது என்று எழுது. அதை வைத்து அடுத்து என்ன பயிற்சி என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்