ஒரு பல் தள்ளி

பெங்களூர்,
புரட்டாசி ஞாயிறு, காலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் போடவில்லையே என்று திட்டிக்கொண்டிருப்பாய். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் போட்டதிலிருந்து ராத்திரியும் மிஷின் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே எனக்கும் ராத்திரி வேலைதான். என்ன, உனக்கு ஓவர்டைம் கணக்கு உண்டு, எனக்கு இல்லை.

"ஆறு வாரமாக ஒரே பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே, அப்படி என்னடா அதில்?" என்று கேட்டிருந்தாய். சரி, சொல்கிறேன். அப்பா உன்னை அச்சகத்தில் உட்காரவைக்கும் வரை நீயும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன்தானே.

நாங்கள் செய்வது டேட்டா ஜெனரேட்டர். வேகமான சிப்களைச் சோதிக்க, நமக்கு வேண்டிய வரிசையில் 0, 1 சிக்னல்களை உண்டாக்கித் தரும் பெட்டி. நான்கு சேனல். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 1,000 கோடி பிட். அப்படியென்றால் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 100 பிகோ செகண்ட் (ஆயிரம் பிகோ செகண்ட் சேர்ந்தால் ஒரு நானோ செகண்ட், நூறு கோடி நானோ செகண்ட் சேர்ந்தால் ஒரு நொடி). அமெரிக்கக் கடற்படையில் இருந்த கிரேஸ் ஹாப்பர், "இதுதான் ஒரு நானோ செகண்ட்" என்று சொல்லி ஏறக்குறைய 30 செ.மீ. நீள ஒயரைக் கூட்டத்தில் கொடுப்பாராம். அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் அது. என் பிட் அதில் பத்தில் ஒரு பங்கு. சர்க்யூட் போர்டில் சிக்னல் இன்னும் பாதி வேகத்தில்தான் போகும் என்பதால், ஒரு பிட் அங்கே ஒன்றரை செ.மீ. இடத்தில் அடங்கிவிடும். ஒரு சாண் நீளச் செம்புக் கோட்டில் பத்துப் பதினைந்து பிட் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். இத்தனை வருஷம் ஆகியும் இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

பிட்களைத் தயார் செய்யும் எஃப்பிஜிஏ (நம் தேவைக்கேற்ப உள்ளே அமைத்துக்கொள்ளும் சிப்) அந்த வேகத்தில் ஓடாது. நான்கு பிட்டைச் சேர்த்து நிதானமாகக் கொடுக்கும். ஒவ்வொரு சேனலிலும் இருக்கும் சீரியலைசர் சிப் அவற்றை வாங்கி, 10 கிகாஹெர்ட்ஸ் கிளாக்கின், அதாவது நொடிக்கு 1,000 கோடி முறை துடிக்கும் சிக்னலின், துடிப்புக்கு ஒன்றாக வெளியே தள்ளும். அடுத்த நான்கை எப்போது வாங்குவது என்று தெரிய, சிப்புக்குள் ஒரு டிவைடர் 1, 2, 3, 4 என்று எண்ணிக்கொண்டே இருக்கும். வினை அங்கேதான் இருந்தது.

நான்கு சிப்புக்கும் கிளாக் ஒன்றுதான். வேகத்தில் இம்மி வித்தியாசம் கிடையாது. ஆனால் பவர் போடும்போது ஒரு டிவைடர் 1-லிருந்து எண்ணத் தொடங்கும், பக்கத்துச் சிப் 3-லிருந்து தொடங்கும். அப்புறம் அணைக்கும்வரை அந்த இடைவெளி மாறாது. உன் நாலு கலர் மிஷினில் மெஜந்தா யூனிட்டின் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் எப்படியிருக்கும்? மிஷின் அதே வேகத்தில் ஓடும், சத்தம்கூட மாறாது. ஷீட்டில் மட்டும் ரிஜிஸ்டர் சேராது, ஒரு கலர் மற்றதன்மேல் சரியாக விழாது. என் பெட்டி ஒவ்வொரு முறை பவர் போடும்போதும் நான்கு சக்கரத்தையும் கழற்றித் தன் இஷ்டத்துக்கு மாட்டிக்கொள்கிறது. நான்கும் தானாகவே ஒத்துப்போவது, கணக்குப்படி 64 முறைக்கு ஒரு முறை. எங்கள் ராசி, முதல் நாள் முதல் தடவையே ஒத்துப்போய்விட்டது! மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டி, ஆளுக்கொரு மைசூர்பாகும் சாப்பிட்டோம். மறுநாள் காலை நான்கும் நான்கு திசையில்.

தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சேனலிலும் குறை தெரியாது. சிக்னலைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில், பிட்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் ஐ டயகிராம் கண் திறந்த மாதிரி பளிச்சென்று இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதிலும் ஒரு கூத்து நடந்தது. மூன்றாவது சேனல் எப்போதும் ஒரு பிட் பிந்தியே வருகிறது என்று சிப்பையே மாற்றினேன். அப்புறமும் அதே கதை. இரண்டு நாள் போனது. கடைசியில் டீ குடித்துவிட்டு வந்து மேஜையில் ஸ்கோப் கேபிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தச் சேனலின் கேபிள் மற்றவற்றைவிட 2 செ.மீ. நீளம். அந்த வகைக் கேபிளில் அது ஏறக்குறைய 95 பிகோ செகண்ட். கிட்டத்தட்ட ஒரு பிட்! உன் லென்ஸிலேயே கோணல் இருந்தால் ரிஜிஸ்டர் பார்க்கும் கிராஸ் மார்க்கைப் பார்த்து என்ன பிரயோஜனம்? சிப்பை மாற்றச் சொன்னவனும் நான், கழற்றியவனும் நான். யாரைத் திட்டுவது?

சரி, நான்கு டிவைடரையும் ஒரே நேரத்தில் ரீசெட் செய்து, முதலிலிருந்து எண்ணவிட்டால் போயிற்று என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிடித்து நிறுத்துவது லேசு, விடுவிப்பதில்தான் வில்லங்கம். ரீசெட்டை விட்ட சேதி நான்கு சிப்புக்கும் அதே 100 பிகோ செகண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். கிளாக் துடிப்பின் விளிம்பை ஒட்டி வந்தால் ஒரு சிப் "இந்தத் துடிப்பிலேயே" என்று கிளம்பும், இன்னொன்று "அடுத்ததில்" என்று நிற்கும். மறுபடியும் ஒரு பல். போர்டில் 1 மி.மீ. கோட்டுக்கு ஏறக்குறைய 7 பிகோ செகண்ட் ஆகும். எங்கள் ரீசெட் கோடுகளில் ஒன்று 4 மி.மீ. அதிகம். 28 பிகோ செகண்ட் அங்கேயே போய்விட்டது.

அதனால் ரீசெட் பாதையில் தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் சிப் ஒன்றை வைத்து, 10 பிகோ செகண்டாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் நூறு தடவை ரீசெட் செய்து பார்த்தோம். எங்கே தவறுகிறது, எங்கே தவறவில்லை என்று ஒரு நோட்டில் குறித்தேன். பாதிக்குப் பாதி தேறியது. தேறிய பகுதியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினோம், ஏசி போட்டாலும் அணைத்தாலும் கொஞ்சம் நகர இடம் வேண்டுமே. கோடுகளைச் சமமாக்கி அடித்த புது போர்டில் தேறும் பகுதி 80 பிகோ செகண்ட் வரை விரிந்திருக்கிறது. நேற்று 500 முறை பவர் போட்டு அணைத்தோம். ஒருமுறைகூடப் பல் தள்ளவில்லை.

இது எங்கள் தலையெழுத்து மட்டும் இல்லை. 2011-இல் வந்த ஜேஇஎஸ்டி204பி என்று ஒரு தரம், அனலாக்-டிஜிட்டல் மாற்றும் சிப்களை வேகமாக இணைப்பதற்கானது; அதில் இதற்கென்றே சிஸ்ரெஃப் என்று ஒரு சிக்னலை வைத்திருக்கிறார்கள். எல்லாச் சிப்பும் அதைப் பார்த்துத்தான் தன் எண்ணிக்கையைத் தொடங்க வேண்டும். அதுவும் கிளாக் விளிம்பை ஒட்டி வந்துவிடக் கூடாது என்பதால் அங்கேயும் இதே பாடுதான்.

சின்னவள் பன்னிரண்டாவது போய்விட்டாள். எலக்ட்ரானிக்ஸ் வேண்டாமாம், அப்பாவைப் பார்த்ததே போதுமாம். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. ரிஜிஸ்டர் சேராமல் முருகனுக்கு இரண்டு வேல் தெரிகிற வேஸ்ட் ஷீட் ஏதாவது கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதே, எனக்கு எடுத்து வை. என் மேஜைக்கு மேலே ஒட்ட வேண்டும்.

அன்புடன்,
செல்வம்