வெயில் புல்லின் பழுப்புப் புள்ளிகள்

அன்பு செல்வம்,

கடிதம் கிடைத்தது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் ‘கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்’ ஓவியத்தை நீ பிரதி எடுக்கப்போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பிரஷைத் தொடுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெயில் விழும் புல்லில் தெரிகிற பழுப்புப் புள்ளிகளை அப்படியே கலந்துவிடாதே. அவர் வைத்தபோது அவை பளிச்சென்ற மஞ்சள்.

1884இல் அவர் ஓவியத்தைத் தொடங்கியபோது சிறு பிரஷ் வீச்சுகளால்தான் நிரப்பினார். புள்ளிகள் வந்தது இரண்டாம் சுற்றில், 1885 கடைசியில். அப்போதுதான் புதிதாக சிங்க் யெல்லோ சேர்த்தார். அது துத்தநாகக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமி. காற்றின் ஈரமும் கந்தகப் புகையும் அதைச் சிதைத்ததால் மஞ்சள் மங்கிப் பழுப்பேறியது. அதைக் கலந்த பச்சையும் ஆரஞ்சும் கூடவே மங்கின. 1886 மேயில் காட்சிக்கு வந்த ஓவியம் ஒளி இழந்துவிட்டதென்று 1892லேயே விமர்சகர் ஃபெனியோன் எழுதினார். அடியில் இருக்கும் முதல் சுற்று வண்ணங்களுக்கு அவ்வளவு சேதமில்லை. நீ சிங்க் யெல்லோவைத் தேடவே வேண்டாம், நஞ்சு. காட்மியம் லெமன் அல்லது ஹான்சா யெல்லோ போதும்.

சிகாகோவில் இருக்கும் மூலம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். அதைக் கால் அளவுக்குச் சுருக்கினால் புள்ளியும் கால் அளவாக வேண்டும். கையால் அது ஆகாது. அதனால் முழுப்படம் வேண்டாம். முன்புறத்து நிழலும் வெயிலும் சந்திக்கும் இடத்தில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை மூல அளவிலேயே எடு. ஓவியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

முதலில் புல்லின் சொந்தப் பச்சையை மெல்லியதாகப் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிடு. ஒரு வாரமாவது ஆகும். ஈரத்தின் மேல் புள்ளி வைத்தால் இரண்டும் குழைந்து சேறாகிவிடும், பெரும்பாலான பிரதிகள் கெடுவது இதனால்தான். பெயின்ட்டை மை ஒற்றும் தாளில் சிறிது நேரம் வைத்து எண்ணெயை இறக்கு; இல்லையென்றால் புள்ளி பரவும். ஒரு நிறத்துக்கு ஒரு பிரஷ்.

நிழல் பக்கத்தில் பெரும்பாலும் பச்சைதான். அங்கங்கே ஆரஞ்சு, பச்சைக்கு எதிர்வண்ணமாக (நிறச்சக்கரத்தில் நேர் எதிரே இருக்கும் நிறம்) ஊதாச்சிவப்பு, வெயிலின் எல்லையை நெருங்க நெருங்க அடர்ந்துகொண்டே போகும் நீலம். வெயில் பக்கத்துக்குப் பச்சையும் சூரிய ஆரஞ்சும் மஞ்சளும். எதிர்வண்ணத்தைச் சம அளவில் தூவிவிடாதே. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் எல்லாம் சாம்பலாகத் தெரியும். பத்துப் பச்சைக்கு ஒன்று என்று ஆரம்பித்து, தள்ளி நின்று பார்த்துப் பார்த்துக் கூட்டு. புள்ளிகள் ஒரே அளவில் வரிசைகட்டினாலும் புல் செத்துப்போகும். அவருடையவை நீளமும் குட்டையுமாக, புல்லோடு சாய்ந்திருக்கும்.

நதிப்பக்கம் சுலபம். தண்ணீருக்குக் கிடைக்கோட்டு வீச்சுகள் போதும்.

சதுரம் ஓவியத்தின் விளிம்பைத் தொடுகிறதென்றால் ஓவியத்தைச் சுற்றிப் புள்ளிகளால் ஓடும் கரையையும் சேர்த்துக்கொள். அதை 1888-89இல்தான் சேர்த்தார். பக்கத்து நிறத்தின் எதிர்வண்ணம் கரையில் வரும். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு ஓங்கியிருக்க வேண்டும்.

அடிப்பூச்சு காய்ந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு. பச்சை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு புள்ளியைத் தொடங்கலாம்.

அன்புடன்,
முருகேசன்