முண்டு மிளகாய் வந்து சேர்ந்தது, உங்கள் எல்லோருக்கும் நன்றி

சுங்கை சிப்புட் மக்களுக்கும், பரமக்குடியிலிருந்து கிள்ளான் வரை கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் நம் ஊர்க் கடைக்கு வந்துவிட்டது. தோட்டத்துப் பெண் தனியாளாக இறக்குமதி செய்துவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் அதில் பாதிகூட என் வேலை இல்லை. யார் யார் செய்தார்கள் என்பதை ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

தொழில் பதிவு செய்யும் அரசு அமைப்பான எஸ்.எஸ்.எம்.மில் 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டிக் கடைப் பெயரைப் பதிவது ஒரு காலை வேலை. அதற்கப்புறம்தான் கெடுபிடி. அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டவர், கிள்ளான் துறைமுகத்தில் சரக்கை விடுவித்துத் தரும் பார்வர்டிங் ஏஜெண்டு அண்ணன். என்னுடையது ஒரு கன்டெய்னரில் ஒரு மூலைச் சரக்கு. அதற்கெல்லாம் பலர் போனையே எடுப்பதில்லை. அவர் எடுத்தார். முதலில் கேட்டதே மூட்டைக்கு அடியில் வைக்கும் மரப் பேலட்டைப் பற்றித்தான். 2010 முதல் மலேசியாவுக்குள் வரும் மரப் பேலட், மரப்பெட்டி எல்லாம் பூச்சி போகச் சூடேற்றியோ மருந்துப் புகை போட்டோ வர வேண்டும். சூடேற்றுவதென்றால் மரத்தின் உள்கட்டை வரை 56 டிகிரி, 30 நிமிடம். கோதுமைக் கதிர் முத்திரைதான் அதற்குச் சாட்சி. ஏற்றுவதற்கு முன்பே எல்லாப் பேலட்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பெரிதாக்கிப் பார்த்தார். சிலவற்றில் முத்திரை இல்லை. தூத்துக்குடியிலேயே மாற்ற வைத்தார். கித்தாவும் (ரப்பர்) செம்பனையும் சோறு போட்ட ஊர் இது. வெளிப்பூச்சி வரக்கூடாது என்ற சட்டத்தை நாம் குறை சொல்ல முடியாது. அதைப் பொறுமையாக விளக்க ஓர் ஆள் கிடைத்ததுதான் என் அதிர்ஷ்டம்.

பரமக்குடிப் பக்கத்து விவசாயி அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றி. 2023இல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்ட சந்தோஷத்தை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளிக்கிற பழக்கம் சந்தையில் உண்டு. இவர்கள் களத்தில் அது கிடையாது. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும்; அதுவரை மூட்டை கட்டமாட்டார்கள். விளைவிப்பவர் நேரே கப்பலேற்றவும் முடியாது. ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் வேண்டும், இந்திய நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் பதிவும் வேண்டும். இரண்டும் வைத்திருந்த தூத்துக்குடி ஐயா, என் சிறு சரக்குக்குத் தம் கன்டெய்னரில் இடம் கொடுத்தார்.

கிள்ளானில் சரக்கு நின்றுபோனதும் பலருக்குத் தெரியும். நம் சுகாதார அமைச்சு, உணவு இறக்குமதியை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலை என்றால் உடனே விடுவிப்பு, ஆறாவது என்றால் உடனே நிராகரிப்பு. எனக்கு வந்தது ஐந்தாவது: பிடித்து வைத்து, சோதித்து, அப்புறம் விடுவது. கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போனது. மாதிரி எடுக்க வந்த மலாய் அக்கா மேல்மூட்டையோடு நிறுத்தவில்லை. அடிமூட்டையிலும் கைவிட்டு எடுத்து, பையைக் கட்டி முத்திரை வைத்தார். ஈரம் தங்கினால் வரும் பூஞ்சை நச்சைத்தான் தேடுகிறோம் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். சோதனையில் தேறியது. அந்த அக்காவின் கண்டிப்புக்கும் என் நன்றி உண்டு. அவர் தேறியது என்று சொன்னதால்தான் தைரியமாகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் கொடுக்கிறேன்.

ஒரு வங்கி கைவிரித்தபோது, துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா போட்டிருந்த பங்கின் ஈவுத்தொகையைப் பாட்டி எடுத்துக் கொடுத்தார். தோட்டத்துச் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த காசு, பாட்டி. எனக்குத் தெரியும். மீதிக்கு முன்பணம் தந்தது நம் தோட்டத்து அக்காமார்கள். பின்அறையை முன்பணமில்லாமல் திறந்துவிட்ட சீன அங்கிள், ராத்திரி லோரி ஓட்டிப் போய் ஏற்றி வந்த மாமா, லேபிளை மலாயில் எழுதித் திருத்திய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, உங்களுக்கெல்லாம் கடையில் எப்போதும் ஒரு பை தனியாக இருக்கும்.

முன்பணம் தந்தவர்கள் ரசீதோடு வாருங்கள். உங்கள் பங்கை நிறுத்து வைத்திருக்கிறேன். லேபிளில் எழுத்து தெரியவில்லை என்று சொன்ன பாட்டிமார்களே, அடுத்த சரக்கில் பெரிதாக அச்சடித்து வரும்.

நன்றியுடன்,
உங்கள் மிளகாய்க் கடைக்காரி
சுங்கை சிப்புட், பேராக்