கிராஃபிக் டிசைன் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களில் கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்பை நடத்தும் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

பட்டம் பெற்று வேலை தேடி வருவோரின் போர்ட்ஃபோலியோக்களை (படைப்புத் தொகுப்புகளை)ப் பல ஆண்டுகளாகப் பார்த்து வரும் வடிவமைப்பாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் மாணவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. படிப்பு முடியும்போது அவர்களுக்கு என்னென்ன கைவந்திருக்கும் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதற்கும், உண்மையில் கைவந்திருப்பதற்கும் இடையே உள்ள தூரம்தான் என்னை வருத்துகிறது.

அண்மையில் ஒரு பட்டதாரி தம் இறுதியாண்டுச் சிற்றேட்டைத் திரையில் காட்டினார். பக்க அமைப்பும் எழுத்துருத் தேர்வும் நிறைவாக இருந்தன. அச்சுக்கு அனுப்பலாம் என்று கோப்பைத் திறந்தால், படங்கள் அனைத்தும் அச்சு மைகளுக்குரிய நிறத்துக்கு மாற்றப்படாமல், திரைக்குரிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறத்தில் இருந்தன. ஓரம் வெட்டுவதற்காக விட வேண்டிய 3 மில்லிமீட்டர் பிளீட் (கூடுதல் பரப்பு) இல்லை. 8 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்தின் கறுப்பு, கறுப்பு மை மட்டுமாக இல்லாமல் நான்கு மைகளின் கலவையாக இருந்தது. மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் அத்தகைய சிறிய எழுத்தின் விளிம்பில் நிறம் கசிந்து தெரியும் என்பதை, வேறொரு மாதிரித் தாளை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "நான் செய்த எதையும் இதுவரை தாளில் பார்த்ததே இல்லை" என்றார். அந்தச் சிற்றேட்டுக்கு அவர் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தார். இதில் அவர்மீது நான் குறை காணவில்லை.

'வடிவமைப்புக் கோட்பாடுகளைப் புரிந்துகொள்வார்', 'அழகியல் உணர்வை வளர்த்துக்கொள்வார்' என்ற வகையில் கற்றல் விளைவுகளை எழுதினால், அவை நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மாறாக, 'எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற மாறுபாடு, மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய அணுகல் வழிகாட்டுதல் (WCAG) வழக்கமான அளவு எழுத்துக்குக் கேட்கும் 4.5:1 விகிதத்தை எட்டுகிறதா என்று சோதித்துத் திருத்துவார்' என்று எழுதினால், ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேலை கொடுப்பவருக்கும் ஒரே பொருள்தான் கிடைக்கும்.

மென்பொருளின் பெயரையே பாடத்தின் பெயராக வைப்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். 1985இல், கணினியில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்த பிறகு, கத்தியும் பசையும் கொண்டு பக்கம் ஒட்டும் வேலை சில ஆண்டுகளிலேயே அருகிப்போனது. ஒரு பத்தி ஏன் இவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் பழசாகவில்லை. படங்களை இயந்திரமே உருவாக்கித் தரும் இன்றைய நிலைக்கும் இது பொருந்தும். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியராக இருந்த யோசெப் ஆல்பர்ஸ் தொடக்கநிலை மாணவர்களிடம் வெறும் செய்தித்தாளைக் கொடுத்து, வீணாக்காமல் அதை வேறொன்றாக மாற்றச் சொல்வார். பிறகு வந்து, செய்தவற்றை எல்லார் முன்னிலையிலும் வைத்து விவாதிப்பார். அத்தகைய விவாதத்துக்கு உங்கள் மதிப்பெண் திட்டத்தில் இடம் வேண்டும். கைவிடப்பட்ட வரைவுகளும், அவை ஏன் கைவிடப்பட்டன என்ற குறிப்பும் இறுதிப் படைப்போடு சேர்ந்தே மதிப்பிடப்பட வேண்டும்.

அடுத்து, சேர்க்கைக் கையேட்டில் நீங்கள் அச்சிடும் வேலைவாய்ப்பு விழுக்காடு. நூறு பேர் சேர்ந்து, எழுபது பேர் முடித்து, நாற்பது பேர் மட்டும் கணக்கெடுப்புக்குப் பதில் அளித்து, அவர்களில் முப்பத்தாறு பேர் ஏதோ ஒரு வேலையில் இருந்தால், 'தொண்ணூறு விழுக்காடு' என்று அச்சிட முடியும். அந்த முப்பத்தாறு பேரில் எத்தனை பேர் வடிவமைப்புப் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் வேறு வழியின்றி வேறு வேலைக்குப் போனார்கள் என்பதை அந்த எண் மறைத்துவிடுகிறது. நம் துறையில் தனித்துப் பணியாற்றுவோர் பலர். அவர்களின் நிலையைப் பட்டம் பெற்ற ஆறு மாதத்தில் எடுக்கும் ஒரே கணக்கெடுப்பு பிடித்துவிடாது. விலைப்புள்ளி தயாரிக்கவும், ஒப்பந்தத்தில் பதிப்புரிமைப் பிரிவைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரியாமல் அவர்களை வெளியே அனுப்புவதும் பாடத்திட்டத்தின் குறைதான்.

ஆகவே, அடுத்த சேர்க்கைக்கு முன் சேர்ந்தவர், முடித்தவர், பதிலளித்தவர், வடிவமைப்புப் பணியில் உள்ளவர், தனித்துப் பணியாற்றுபவர், மேற்படிப்புக்குச் சென்றவர் ஆகிய எண்ணிக்கைகளைத் தனித்தனியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இறுதியாண்டு மதிப்பீட்டுக் குழுவில் ஒரு அச்சகத்தாரையும், பட்டம் பெற்று ஐந்தாண்டு கடந்த பழைய மாணவர் ஒருவரையும் அமர்த்துங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு படைப்பையாவது தாளில் அச்சிட்டு அவர்கள் முன் வைக்கட்டும். அழைத்தால், உருப்பெருக்கியுடன் வர நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரைகலை வடிவமைப்பாளன்