எவரிஸ்டோவின் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி

பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பினருக்கு,

வணக்கம். உங்கள் சாதனை ஏட்டில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெயரைப் பற்றி எழுதுகிறேன்.

1957 மார்ச், லிமா நகரம். தென்னமெரிக்கப் போட்டியில் கொலம்பியாவைப் பிரேசில் 9-0 என்று வென்றது. அதில் ஐந்து கோல் எவரிஸ்டோ டி மசேடோ போட்டவை. தேசிய அணியின் அதிகாரபூர்வ ஆட்டத்தில் ஒருவரே ஐந்து கோல் என்பதைப் பெலேயும் எட்டவில்லை, ரொமாரியோவும் எட்டவில்லை.

அப்போது அவருக்கு வயது 23. அந்த ஆண்டோடு உங்கள் அணியில் அவர் கணக்கு முடிந்துவிட்டது: 14 ஆட்டம், 8 கோல். காலும் ஒடியவில்லை, ஆட்டமும் மங்கவில்லை. உள்நாட்டுக் கிளப்பான ஃபிளமெங்கோவிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்புக்குப் போனார், அவ்வளவுதான். கடல் கடந்தவனை ஊர்விலக்கு செய்யும் வழக்கம் எங்கள் பக்கமும் ஒரு காலத்தில் இருந்ததால், இது எனக்குப் புரியாத விஷயமில்லை.

போனவர் அங்கே சும்மா இருந்தாரா? அதே ஆண்டு பார்சிலோனாவின் காம்ப் நோ அரங்கின் திறப்பு விழா ஆட்டத்தில் கோல் போட்டார். 1960 நவம்பரில் அதே அரங்கில் ரியல் மாட்ரிட் வந்து நின்றது. ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை அதுவரை வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்காத அணி. அன்று எவரிஸ்டோ பாய்ந்து தலையால் முட்டிய கோலின் புகைப்படத்தைப் பாருங்கள்: உடல் தரைக்கு இணையாக, தண்ணீரில் குதிப்பவரைப் போல நீண்டு கிடக்கிறது. அந்தக் கோலோடு ரியல் மாட்ரிட் அந்தப் போட்டியிலிருந்து முதன்முறையாக வெளியேறியது. பிறகு அந்த ரியல் மாட்ரிட்டே அவரை அழைத்துக்கொண்டது, பாருங்கள்!

1958இல் ஸ்வீடனில் உலகக் கோப்பை உங்களுக்கே வந்தது. 17 வயதுப் பெலே இருக்கும்போது யார் எவரிஸ்டோவைத் தேடப்போகிறார்கள்? கிளப் விடவில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு, இருக்கலாம். ஆனால் 1958, 1962, 1970 ஆகிய மூன்று வெற்றி அணிகளிலும் வெளிநாட்டுக் கிளப்பில் ஆடியவர் ஒருவர்கூட இல்லை. அது ஒரு கிளப்பின் பிடிவாதத்தால் மட்டும் வந்ததல்ல. இத்தாலியில் ஃபியோரென்டினாவுக்காக ஆடிய ஜூலின்யோகூட, அந்த இடம் உள்நாட்டில் ஆடுபவர்களுக்கே உரியது என்று 1958இல் தானே ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். விலக்கப்பட்டவரே விலக்கை நியாயம் என்று நம்பும் அளவுக்கு அது ஊறிப்போயிருந்தது.

1994இல் பார்சிலோனாவின் ரொமாரியோவை அழைத்தீர்கள். அவரும் ஐந்து கோல் போட்டார், அந்த உலகக் கோப்பை முழுவதற்குமாக. கோப்பை வந்தது. கடல் கடந்தது அப்போது யாருக்கும் உறுத்தவில்லை.

அன்றைய நிர்வாகத்தின் முடிவுக்கு இன்று நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். சிலையும் வேண்டாம். அந்தச் சாதனையை நீங்கள் அச்சிடும் இடத்திலெல்லாம், பெயருக்குக் கீழே இதையும் சேர்த்து அச்சிடுங்கள்: "அதே ஆண்டு பார்சிலோனாவுக்குப் போனார். அதன் பிறகு நாம் அவரை ஆடவைக்கவில்லை."

இப்படிக்கு,
தொலைவிலிருந்து உங்கள் மஞ்சள் சட்டையைப் பார்த்து வளர்ந்த ஒரு ரசிகன்