செயலாளர் அறிக்கை 2024-25: வக்கீலய்யா இல்லாத வருஷம்

தலைவர் அண்ணனுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் நடைபாதை வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், சந்தா பாக்கி யார் யார் என்பது ஊருக்கே தெரியும், அதில் நானும் ஒருத்தன். கமிட்டி மாதா மாதம் கூடியது. சித்திரைத் திருவிழா மாதம் மட்டும் கூடவில்லை, யாவாரத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

சரி, இந்த வருஷத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் நம் வக்கீலய்யா போய்ச் சேர்ந்துவிட்டார். பேர் போட்டு எதுவும் எழுத வேண்டாம் என்று அவர் வீட்டம்மா கேட்டுக்கொண்டார்கள், நாமும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மதுரை விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை போட்டிருந்தவர்கள், வருஷத்தில் காசு பார்க்கும் அந்த நாலு நாளில் ஒரு நாளை விட்டுவிட்டு, மூட்டையைக் கட்டிப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டுத் தத்தனேரி சுடுகாட்டுக்கு வந்தார்கள்.

அவர் இலவசமாக வாதாடினார் என்று இரங்கல் கூட்டத்தில் பலபேர் பேசினீர்கள். அது தப்பு. பத்து ரூபாய் வாங்குவார், வாங்கி ரசீதும் கொடுப்பார். “சும்மா செஞ்சா அடுத்த தடவை வரக் கூச்சப்படுவீங்கய்யா, பத்து ரூபா குடுத்தவன் சட்டையப் பிடிச்சுக் கேப்பான்” என்பார். ஹைகோர்ட் கிளை மதுரைக்கு வந்தது 2004 ஜூலையில்தான், அதற்கு முன்னால் மேல்கோர்ட் என்றால் மெட்ராஸ்தான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் மஞ்சப்பையோடு போய் வருவார், அந்த டிக்கெட் காசை யாரிடம் வாங்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தபோது அதைத் தமிழில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, வண்டி வண்டியாக வந்து கொடுத்தவர் அவர். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் கிளப்பக் கூடாது, இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ், பொருளை எடுத்தால் கையெழுத்துப் போட்ட பட்டியல் தர வேண்டும், கட்டணத்தைக் கட்டிக் கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அந்தத் தாளில் பாதிப்பேர் வடை மடித்தோம், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் மாநகராட்சி ஆள்கள் கொய்யாப்பழ அக்காவின் வண்டியைத் தூக்கிப் போனார்கள். பட்டியலும் இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா அழுதுகொண்டு போய் நின்றால் இவர் பேனாவைத் திறந்து, “என்னென்ன இருந்துச்சு தாயி, ஒண்ணு விடாமச் சொல்லு” என்கிறார். கொய்யா ஒன்றரைக் கூடை, தராசு ஒன்று, எடைக்கல் நாலு, கத்தி ஒன்று. மிளகாய்ப்பொடி டப்பாவை அக்கா சொல்லவில்லை, இவராகக் கேட்டு எழுதினார். “அது எதுக்குய்யா?” “அது என்ன, ஓசியிலயா வந்துச்சு?” மறுநாள் சாயங்காலம் தராசும் டப்பாவும் வந்தன, பழம் கூழாகி வந்தது. கல்லில் 200 கிராம் மட்டும் வரவில்லை. அந்த ஒரு கல்லுக்கு மூன்று மாதம் மனு மேல் மனுவாகப் போட்டார், கடைசியில் வந்தது வேறு யாரோ கல். அதன் பிறகுதான் ஆள்களைக் கண்டால் நாமும் “பட்டியல் குடுங்க சார்” என்று கேட்கப் பழகினோம்.

அவருக்குக் கோபம் அதிகம், என்னோடு ஒரு வருஷம் பேசவே இல்லை. காரணம் நான்தான். யாரோ நீட்டிய வெற்றுத்தாளில் பூக்காரம்மா மூன்று பேரைக் கைநாட்டு வைக்கச் சொன்னேன். மேஜையில் தட்டி, சுவரில் மாட்டியிருந்த ஜார்ஜ் ஜோசப் படத்தைக் காட்டி, “இந்த மனுசன் எதுக்குடா கோர்ட் கோர்ட்டா அலைஞ்சாரு?” என்று கத்தினார். செங்கன்னூரில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, மதுரைக்கு வந்து தொழில் செய்த ஜார்ஜ் ஜோசப், ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளியாக்கிய வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ரேகை வைக்கச் சொல்லி வதைத்த கள்ளர் மக்களுக்காக வாதாடியவர். கோட்டில் ரோஜாப்பூ வைத்ததால் அந்த மக்களுக்கு அவர் ரோசாப்பு துரை என்பார்கள். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் போலீஸ் அந்த மக்களைச் சுட்டுக் கொன்றதும் அந்த ரேகையை எதிர்த்ததற்காகத்தான். ஜார்ஜ் ஜோசப் 1938 மார்ச் 5இல் இறந்தார். அந்தத் தேதியில் யானைக்கல் சிலைக்கு மாலை போட வக்கீலய்யா வருஷம் தவறாமல் நம்மைக் கூப்பிடுவார், நாலு பேர்தான் போவோம். இந்த வருஷம் தெருவே வந்தது. மாலையைக் கட்டியது அந்த மூன்று பூக்காரம்மாவும், காசு வாங்கிக்கொண்டுதான், ரசீதோடு.

நடக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி. அவர் வீட்டு மாடியில் நம் வழக்குக் கட்டுகள், சிவப்பு நாடா கட்டியவை, ஓடு ஒழுகி மழையில் நனைகின்றன. எடுத்துக்கொள்ளச் சொல்லி அம்மா இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். பழைய இரும்பு பீரோ யாரிடமாவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், தூக்குவதற்குத் தள்ளுவண்டி நம்மிடமே இருக்கிறது.